தகடூர்ப் போரில் யார் பக்கம் நிற்பது?

"மாமா, அதியமான் நல்லவன்னா அவனைக் கொன்ன சேரன் கெட்டவன்தானே? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

தங்கை மகன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். தருமபுரி நான்கு ரோடு பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அவன் கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். தலைப்பு 'கடையெழு வள்ளல்கள்'. பாரி முல்லைக்குத் தேர், பேகன் மயிலுக்குப் போர்வை, அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி. ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அவன் இப்போது கேட்ட கேள்விக்கு அது போதாது. ஒரு டீயில் முடிகிற பேச்சும் இல்லை.

அந்தத் தாளில் இருந்தே தொடங்கலாம். ஏழு பெயர்களும் சிறுபாணாற்றுப்படையில் வரிசையாக வருகின்றன. அந்த வரிசைக்குள்ளேயே ஒரு சண்டை இருக்கிறது. காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். காரியோடு மோதியவன் என்று சொல்லித்தான் அந்த நூல் ஓரியை நமக்குக் காட்டுகிறது. வள்ளல் பட்டியலில் ஒருவனுக்கு அடையாளமே இன்னொரு வள்ளலோடு போட்ட சண்டைதான்.

மோதலோடு அது நிற்கவில்லை. கொல்லிமலைத் தலைவன் ஓரி. திருக்கோவலூரும் முள்ளூர் மலையும் காரியுடையவை. காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூற்றின் 209-ஆம் பாட்டு. நம் ஊர் அதியமான் நெடுமான் அஞ்சி, காரியின் கோவலூர் மேல் படையெடுத்துப் போய் அதை அழித்தான். அந்த அதியமானின் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து அடித்தான். பறம்புமலைப் பாரியோ மூவேந்தரின் முற்றுகையில் மாண்டவன். ஏழு வள்ளல்களில் நால்வரின் கதை, உயிரையோ ஊரையோ போரில் பறிகொடுத்த கதை. அவற்றுள் இரண்டு போர்களில் அடித்தவனும் வள்ளல், அடிபட்டவனும் வள்ளல்.

"இதெல்லாம் தாள்ல போடலையே மாமா."

போட்டால் எந்தக் கேள்விக்கும் நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்க முடியாது, அதனால் போடவில்லை.

சேரனுக்குத் தகடூர் எதற்கு? சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது தொப்பூர் கணவாயில் வண்டி முனகிக்கொண்டு ஏறுகிறதே, அந்த ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். கொங்கிலிருந்து வடக்கே போகிறவனும் தொண்டை நாட்டுப் பக்கம் திரும்புகிறவனும் இந்த மேட்டு நிலத்தைத் தொடாமல் போவது கஷ்டம். கொல்லிமலை ஏற்கெனவே சேரன் கையில். வடக்கே வழியை அடைத்துக்கொண்டு நிற்பவன் அதியமான். போதாக்குறைக்கு அவன் சோழனோடும் பாண்டியனோடும் சேர்ந்து நின்றிருக்கிறான். கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் அந்த இரு பெருவேந்தரையும் ஒருசேர வென்று, முரசும் குடையும் அணிகலன்களும் கைப்பற்றி, பிறகு தகடூரை எறிந்தான் சேரன் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் சொல்கிறது. மூவேந்தரும் ஏதோ ஒரு பக்கம் நின்ற போர் இது. அந்தக் காலத் தமிழ்நாட்டு அளவில் இதை உலகப் போர் என்றே சொல்லலாம்.

இனி அதியமானைப் பார்ப்போம். நெல்லிக்கனி கதை எல்லாருக்கும் தெரியும். ஏற முடியாத மலைப்பிளவில் கிடைத்த அரிய கனியின் பயனை வெளியே சொல்லாமல் ஔவைக்குக் கொடுத்துவிட்டான் என்பது புறநானூற்றின் 91-ஆம் பாட்டு. கொஞ்சம் பக்கம் தள்ளினால் 94. அதில் ஔவை ஒரு யானையைக் காட்டுகிறார். ஊர்ச் சிறுவர்கள் தன் வெண்ணிறத் தந்தத்தைத் தேய்த்துக் கழுவும்படி நீர்த்துறையில் கிடக்கும் யானை. பெருமானே, எங்களுக்கு நீ அப்படி இனியவன், பகைவருக்கோ மதம்பிடித்த அதே யானை போல இன்னாதவன் என்கிறார். இரண்டும் ஒரே யானை. ஔவை அதை மறைக்கவில்லை, பெருமையாகவே சொல்கிறார்.

100-ஆம் பாட்டு இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. அஞ்சி போர்க்களத்திலிருந்து நேரே வந்து, பிறந்த மகனைப் பார்க்கிறான். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை, கழுத்தில் ஆறாத பச்சைப் புண். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், பெற்ற பிள்ளையைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை. புகழ்ச்சிப் பாட்டு என்றுதான் இதை வகுப்பில் நடத்துகிறார்கள். எனக்கு இது புகழ்ச்சியாக மட்டும் கேட்பதில்லை. தொட்டிலுக்கு முன்னால் நிற்கும்போதும் போர் அந்த ஆளை விட்டு இறங்கவில்லை என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும்.

ஔவையைச் சமாதானத் தூதர் என்பார்கள். காஞ்சியில் தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது பிரசித்தம். உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இது சமாதானப் பேச்சுதான், ஆனால் உள்ளே மிரட்டல் வைத்துத் தைத்த பேச்சு. கோவலூர் அழிந்தபோது அதே ஔவை முகம் சுளிக்கவில்லை. உன் வெற்றியை இன்று பரணரும் பாடிவிட்டார் என்று 99-ஆம் பாட்டில் மகிழ்கிறார். அவர் நடுநிலையாளர் அல்ல, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அதியமான் வீட்டு மனுஷி.

கோவலூர்க்காரர்களைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? அந்தப் பாட்டு நம்மிடம் இல்லை. ஆனால் பக்கத்துக் கதை ஒன்றில், ஒரு நொடி, ஊர்ச் சத்தம் கேட்கிறது. நற்றிணை 320, கபிலர் பாடியது. விஷயம் ஒரு காதல் விவகாரம்தான். அலங்கரித்துக்கொண்டு ஒருத்தி தெருவில் நடந்தபோது ஊரே ஆரவாரித்தது என்று சொல்ல வருகிற கபிலர், ஓரியைக் கொன்றுவிட்டு அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த கூச்சலை உவமையாக எடுக்கிறார். காரியை வாயாரப் பாடியவர் கபிலர். அவர் காதில்கூட அந்தத் தெருவின் கூச்சல் தங்கிவிட்டது.

காரிக்கு வருவோம், ஏனென்றால் இந்த வள்ளல் கணக்கின் அடிமடி அவனிடம்தான் அவிழ்கிறது. புறநானூறு 122-இல் கபிலர் அவனிடம் சொல்கிறார்: உன் நாடு அந்தணருடையது. மூவேந்தரில் யாராவது ஒருவர் தமக்குத் துணையாக வரச்சொல்லி அனுப்பும் பொருள், உன்னைப் பாடி வரும் இரவலருடையது. உன்னுடையது என்று மிஞ்சுவது உன் மனைவியின் தோள் மட்டும்தான்.

எவ்வளவு பெரிய மனசு! அப்படியே அந்தப் பணம் வந்த வழியையும் பார். மூவேந்தரும் போட்டி போட்டுக்கொண்டு இவனுக்கு ஆள் அனுப்புகிறார்கள், என் போருக்கு வா, உன் வேலைக் கொண்டுவா என்று. கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவன் சண்டையைப் போடப் போகிறான். வந்த கூலியைப் பாணனுக்கும் புலவனுக்கும் அள்ளிக் கொடுக்கிறான். 125-ஆம் பாட்டிலும் காரியின் மலையமான் குடித் தலைவன் ஒருவன் வருகிறான். சேரனுக்கும் சோழனுக்கும் நடந்த போரில் சோழன் பக்கம் நின்றவன். ஜெயித்தவன் சொல்கிறான், இவன் வந்ததால் ஜெயித்தேன். தோற்றவனும் சொல்கிறான், இவன் மட்டும் வராமல் இருந்திருந்தால் நான்தான் ஜெயித்திருப்பேன். இரண்டு பேரும் அவனைத்தான் மெச்சுகிறார்கள். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சே அங்கே எழவில்லை.

கொடையும் கொள்ளையும் வேறு வேறு ஆட்கள் செய்த காரியங்கள் என்று நம் பாடப்புத்தகம் நினைக்கவைக்கிறது. பாட்டுகள் அப்படிச் சொல்லவில்லை. பகை நாட்டு ஆநிரை, தோற்றவன் கொடுத்த திறை, கைப்பற்றிய யானை, துணைப்படைக்கு வந்த பொருள் எல்லாம் ஒரு வாசல் வழியாக உள்ளே வந்து, மறு வாசல் வழியாகப் பரிசிலாக வெளியே போயின. ஔவைக்குக் கிடைத்த சோற்றிலும் கள்ளிலும் கோவலூரின் பங்கு இருந்திருக்கும். இதைச் சொல்வதால் நெல்லிக்கனி சின்னதாகிவிடாது. அது மலையில் விளைந்தது, யாரிடமும் பறித்ததல்ல.

சரி, சேரன். அவன் இந்தக் கதையின் வில்லனாக இருந்துவிட்டால் நமக்கு வேலை மிச்சம். அவன் இருக்க மாட்டேன் என்கிறான். மோசிகீரனார் என்ற புலவர் அவனைப் பார்க்க அரண்மனைக்குப் போனார். நடந்த களைப்பு. முரசை நீராட்டுவதற்கு எடுத்துப் போயிருந்தார்கள், முரசு வைக்கும் கட்டில் காலியாக இருந்தது. எண்ணெய் நுரையை முகந்து வைத்தது போல மெத்தென்ற பூப்படுக்கை. அது என்ன கட்டில் என்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். வீரமுரசு என்பது தெய்வம் மாதிரி. அதன் கட்டிலில் கால் நீட்டியவனுக்கு வாள்தான் தீர்ப்பு. வந்து பார்த்த அரசன் வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்துப் புலவருக்கு வீசிக்கொண்டு நின்றான். புறநானூறு 50. அந்த அரசன் யார் என்று பார்த்தால், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. கொல்லியில் பகைவரின் முரசைப் பறித்துக்கொண்டு போனவன், தன் முரசுக் கட்டிலில் உறங்கியவனுக்கு விசிறியவனும்தான். இதில் எதை வைத்து அவனை எடை போடுவாய்?

அவன் தாய் வழி, வேளாவிக் கோமான் வழி என்கிறது பதிகம். பொதினிமலை ஆவியர் குடி. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் அந்தக் குடிதான். உன் தாளில் இருக்கும் ஏழு பேரில் ஒருவருடைய குடியில் பெண்ணெடுத்த வீட்டுப் பிள்ளை வந்துதான் இன்னொருவரை அழித்தான். சொந்தக்காரர்களுக்குள் வரப்புத் தகராறு முற்றி வெட்டுக்குத்தாகும் ஊர்க்கதை போலத்தான் இந்தப் போர் நெருங்கிப் பார்த்தால் தெரிகிறது. தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் இது தர்மயுத்தம்.

அவன் இரக்கமில்லாமல் அடித்தவன் என்பதும் உண்மை. அவனை எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில் கிழார். பரிசு பெறப் போகிற புலவர்தான், பாடுவது புகழ்ச்சிதான். ஆனாலும் அவர் கையாளும் ஓர் உவமையைப் பார். பலி வாங்கிக்கொண்டு உயிரை விட்டுவிட்டுப் போகும் பேயைப் போல, திறையை வாங்கிக்கொண்டு நீ விலகிப் போகிறாய் என்கிறார். கருணையைப் புகழத்தான் வந்தார், ஆனால் கையில் எடுத்தது பேயை. இதற்கும் சேர்த்து சேரன் அவருக்குக் கொடுத்ததைப் பதிகம் எழுதி வைத்திருக்கிறது. அரசனும் அரசியும் அரண்மனைக்கு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். 9 லட்சம் காசும் அரசுக்கட்டிலும். அரிசில் கிழார் கட்டிலைத் திருப்பிக் கொடுத்து, நீயே ஆள் என்று சொல்லி, அமைச்சராக இருந்தார்.

இந்த அரிசில் கிழார்தான் நான் உன்னிடம் சொல்ல நினைத்த ஆள். புறநானூறு 230-ஐப் பாடியவரும் அவரே. அது தகடூர்ப் போரில் விழுந்த எழினியைப் பாடிய கையறுநிலை. எழினி என்பது அதியமான் குடியில் வழங்கிய பெயர். அஞ்சியைத்தான் அப்படிச் சொன்னார் என்பவர்களும் உண்டு, அந்தக் குடியில் வேறொருவன் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் விழுந்தவன் தகடூர்ப் பக்கத்தவன். அவனை வீழ்த்திய சேரனிடம் 9 லட்சம் பெற்ற அதே புலவர் அழுகிறார்.

அழுகை எங்கே தொடங்குகிறது தெரியுமா? வீரத்தில் அல்ல, ஆட்சியில். கன்றோடு மாடுகள் காட்டிலேயே பயமில்லாமல் தங்கும். வழிப்போக்கர்கள் களைத்த இடத்தில் மூட்டையை இறக்கிப் படுத்துக்கொள்வார்கள். களத்தில் குவித்த நெல்லுக்குக் காவல் கிடையாது. அப்படி ஒரு நாட்டை வைத்திருந்தவன் போர்க்களத்தில் கிடக்கிறான், அவன் சுற்றத்தார் பெற்றவள் கைவிட்ட குழந்தை போலக் கலங்கி நிற்கிறார்கள். பிறகு புலவர் கூற்றுவனைப் பார்த்துத் திட்டுகிறார். வாழ்வு நொடித்துப்போன உழவன் விதைநெல்லைச் சமைத்துத் தின்றது போல, இவன் உயிரைத் தின்றுவிட்டாயே அறமில்லாதவனே, இவனை விட்டுவைத்திருந்தால் இவன் போர்க்களத்தில் எத்தனை பகைவர் உயிரை நீ வயிறு நிறையத் தின்றிருக்கலாம் என்கிறார்.

அந்தக் கடைசி வாதத்தை நன்றாகக் கவனி. அவன் இருந்திருந்தால் செத்திருக்கப் போகிற பகைவர் யார்? சேரன் படைதான். தன்னை அமைச்சனாக்கியவனின் ஆட்கள் செத்திருப்பார்கள் என்பதையே இழப்பின் அளவாகச் சொல்லிப் புலம்புகிறார். மானியம் வாங்கும் புலவன் வாயிலிருந்து வரக்கூடிய சொல்லா இது? வந்திருக்கிறது. அதை யாரும் அடித்துத் திருத்தவில்லை. தொகுத்தவர்கள் கீழே குறிப்பும் எழுதி, புலவர் பெயரையும் போட்டு வைத்தார்கள்.

கிரேக்கத்தில் ஈஸ்கிலஸ் என்ற நாடகக்காரர் இருந்தார். பாரசீகரை எதிர்த்து மாரத்தானில் நேராகப் போரிட்டவர். கி.மு. 472-இல் 'பாரசீகர்கள்' என்று ஒரு நாடகம் போட்டார். மேடை முழுக்கத் தோற்ற எதிரி வீட்டு அழுகை. ஏதென்ஸ்காரர்கள் உட்கார்ந்து பார்த்து முதல் பரிசும் கொடுத்தார்கள். அங்கேயும் இப்படி நடந்திருக்கிறது. ஆனால் அந்த நாடகம் அழும்போதே வென்றவர்களுக்குப் பெருமையும் சேர்க்கிறது. அரிசில் கிழாரின் பாட்டில் சேரனுக்கு ஒரு சொல்கூட இல்லை.

"அப்ப அவரு ரெண்டு பக்கமும் வாங்கித் தின்னவரு இல்லையா மாமா?"

கேட்கலாம், தப்பில்லை. பாணரும் புலவரும் கொடுப்பவன் வாசலில்தான் நின்றார்கள். யார் வாசல் என்பதைவிடக் கொடுக்கிறானா என்பதே அவர்கள் பார்த்தது. பாரியின் உயிர்த்தோழர் கபிலர், மூவேந்தர் அவனை முற்றி அழித்த பிறகு, சேரன் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடிப் பெரும்பரிசு பெற்றார். அந்தச் செல்வக் கடுங்கோவின் மகன்தான் தகடூரை எறிந்தவன். இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். நான் அப்படிப் பார்ப்பதில்லை. இந்தப் புலவர்களுக்கு ஒரு பெரிய குறை இருந்தது, ஒரு பெரிய பலமும் இருந்தது. குறை, போர் ஏன் நடக்கிறது என்று அவர்கள் அரிதாகத்தான் கேட்டார்கள். பலம், எதிரிப் பக்கத்து மனிதன் மனிதன்தான் என்பதை ஒருபோதும் மறக்கவில்லை. இன்று நம்மிடம் தலைகீழாக இருக்கிறது. எந்தப் போர் ஏன் நடக்கிறது என்று செல்போனைப் பார்த்து அரைமணி நேரம் பேசுகிறோம். மறுபக்கம் செத்தவனுக்காக ஒரு வரி எழுதினால் துரோகி என்கிறோம்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் நல்லவன், இரண்டு பக்கமும் கெட்டவன், ஆகவே நமக்கென்ன என்று கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். அது சோம்பேறியின் நடுநிலை. பக்கங்களைத் தீர்ப்பிட முடியாத போரிலும், செயல்களைத் தீர்ப்பிடலாம். இதற்கு மலையமான் குடியிலேயே சாட்சி இருக்கிறது. சோழன் கிள்ளிவளவன், பகை கொண்ட மலையமானின் சின்னப் பிள்ளைகளைப் பிடித்துவந்து யானைக் காலில் இடப்போனான். கோவூர் கிழார் என்ற புலவர் குறுக்கே நின்றார். புறநானூறு 46. நீயோ ஒரு புறாவின் துயர் தீர்த்தவன் வழியில் வந்தவன், இவர்களோ கற்றவரின் பசிக்காகத் தங்கள் உணவைப் பகிர்ந்தவர் குடி என்கிறார். பிறகு அந்தக் குழந்தைகளைக் காட்டுகிறார். அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைப் பார்த்ததும் வேடிக்கையில் அழுகையை மறந்துவிட்டார்கள். சுற்றி நிற்கும் புதுக்கூட்டத்தைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். கேட்டாயானால் விரும்பியதைச் செய்துகொள் என்று முடித்துவிட்டார்.

சோழன் சரியா, மலையமான் சரியா என்ற வழக்குக்குள்ளேயே கோவூர் கிழார் போகவில்லை. மலையமான் எத்தனை பேருக்குக் கூலிப்படை போனான் என்ற கணக்கை அவர் அங்கே எடுத்திருந்தால் பிள்ளைகள் போயிருப்பார்கள். யானைக் காலடியில் குழந்தையை வைப்பதற்கு எந்தப் பக்கத்து நியாயமும் உதவாது. அதற்கு மேல் ஒரு சொல் அவருக்குத் தேவைப்படவில்லை.

நம் ஊர் அருங்காட்சியகத்தில் நடுகற்கள் நிற்கின்றனவே, ஒருநாள் போய் நிதானமாகப் பார். இந்த வட்டாரத்திலும் செங்கம் பக்கத்திலும் பல்லவர் காலத்தவை நிறைய. பெரும்பாலும் மாட்டுச் சண்டை. தொறு என்றால் மாட்டுமந்தை. தொறுவை மீட்கப் போய்ப் பட்டவனுக்குக் கல் நட்டார்கள், அதுதான் அதிகம். தொறுவைக் கவரப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு. இரண்டு கல்லிலும் ஒரே மாதிரி வில், ஒரே மாதிரி குத்துவாள், ஒரே மாதிரி முன்னோக்கிய கால். எழுத்தைப் படிக்காவிட்டால் திருடப் போனவன் யார், தடுக்கப் போனவன் யார் என்று சொல்ல முடியாது. ஊர்ப்பெண்கள் இரண்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைக்கிறார்கள். அதியமானுக்கும் இப்படிக் கல் நட்டிருக்கிறார்கள். பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் படைக்கிறார்கள், மலையோடு நாட்டைக் கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று ஔவை 232-இல் கேட்கிறார். கோவலூர்க்காரன் கல்லுக்கும் யாரோ ஒருத்தி அப்படிக் கேட்டிருப்பாள்.

இதே மண்ணில் பின்னால் வந்த பெரிய போரிலும் இந்தக் குழப்பம் உண்டு, ஆனால் வேறு மாதிரி. திப்பு சுல்தானிடமிருந்து 1792 உடன்படிக்கையில் இந்த வட்டாரம் அடங்கிய பாராமகாலை வாங்கிக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, அலெக்சாண்டர் ரீடையும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவையும் அனுப்பியது. மன்றோ 1799 வரை தருமபுரியில் இருந்து ரயத்துவாரி வரிமுறையை இங்கேதான் பழகினார். உழவனோடு உட்கார்ந்து பேசியவர் என்று அவருக்கு நல்ல பேர் உண்டு. அந்த மன்றோ, போருக்கு முன்பே 1790-இல் எழுதிய கடிதத்தில், மைசூர் அரசின் ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் நன்றாகவே பாராட்டியிருக்கிறார். பாராட்டியது எதற்கு என்றால், இவ்வளவு ஒழுங்காக இருப்பவனைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும் என்பதற்கு. எதிரியின் பெருமையை அரிசில் கிழாரும் சொன்னார், மன்றோவும் சொன்னார். ஒருவர் செத்த பிறகு அழுவதற்குச் சொன்னார், மற்றவர் கொல்வதற்கு முன்னால் காரணமாகச் சொன்னார்.

தகடூர்ப் போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு தனி நூலே இருந்தது. முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் தொல்காப்பிய உரையிலும் தப்பிய பாட்டுகள்தான் மிச்சம். கல்வெட்டுகள் கொஞ்சம் உதவுகின்றன. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981-இல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி துறவிகளுக்குப் பாழி, அதாவது படுக்கை, அமைத்துக் கொடுத்த செய்தி. அசோகன் தன் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொன்ன சதியபுத்திரர் யார் என்ற பழைய வழக்கு அதில் தீர்ந்தது. எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்தது அது இருக்கும் இடம். காரியின் நாடு. எந்தக் கோவலூரை அடித்து நொறுக்கினானோ அதன் பக்கத்துக் குன்றில் சமணத் துறவிகளுக்குப் படுக்கை. கரூர் பக்கம் புகளூரிலும் சேர இரும்பொறை குடியினர் மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லிச் சமணத் துறவிக்குப் பாழி கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. ஓர் உயிரையும் கொல்லாதே என்றவர்களுக்கு இரண்டு பக்கத்துக்காரர்களும் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பகை பிறகு என்ன ஆயிற்று என்றும் கேள். அதியமான் குடி தகடூரோடு அழியவில்லை. 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் ஓர் அதியனைத் தோற்கடித்தான். அப்போது அந்த அதியனுக்கு உதவிக்கு வந்தவர்கள் பல்லவனும் சேரனும் என்று சீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. அதற்கும் நானூறு ஆண்டு கழித்து, விடுகாதழகிய பெருமாள் என்ற தகடூர் அதியமான், போளூர் பக்கத்துத் திருமலைக்குப் போனான். தன் முன்னோன் எழினி வைத்த இயக்கன், இயக்கி சிலைகள் பழுதாகிக் கிடந்தன. அவற்றைச் சீர்செய்து மறுபடி நிறுத்தி, கல்வெட்டும் வெட்டினான். அந்த எழினியை, அதன் வழியாகத் தன்னையும், அவன் அதில் எந்தக் குலம் என்று சொல்லிக்கொள்கிறான் தெரியுமா? சேர வம்சம்.